செக்ரோலில் இல்லாத காயம்

மலேசியாவில் 1952-ல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 2019-ல்தான் ரத்தானது. 1971-ல் சொக்சோ நடைமுறைக்கு வந்ததோடு அந்தப் பழைய சட்டத்தின் கதை முடிந்துவிட்டது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். முடியவில்லை. உள்ளூர்க்காரர்கள் அதை விட்டு மெதுவாக வெளியேறினார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் வேறு ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். அது எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வேலையில் அடிபட்டவனுக்கு யார் பணம் கொடுப்பது, எந்த அடிக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமல் விடலாம் என்ற மூன்று கேள்விகளும் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவை.

1835-ல் இங்கிலாந்தில் சார்ல்ஸ் பிரீஸ்ட்லி என்று ஒரு பையன், ஃபவுலர் என்ற கசாப்புக் கடைக்காரரிடம் வேலைக்கு இருந்தான். அளவுக்கு மீறி இறைச்சி ஏற்றிய வண்டியில் அவனை அனுப்பினார்கள். வண்டி உடைந்து தொடை எலும்பு முறிந்தது. வழக்கு போட்டான். ஜூரி 100 பவுண்டு கொடுக்கச் சொன்னது. 1837-ல் மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. லார்ட் அபிங்கர் சொன்ன காரணம் வேடிக்கையானது. இந்தப் பையனுக்குப் பணம் கொடுக்கச் சொன்னால், நாளைக்கு ஒரு வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்துப் போட்டு இன்னொரு வேலைக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் அதற்கும் எஜமானர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், இதற்கு முடிவே இருக்காது என்றார். வண்டி சரியில்லை என்று தெரிந்தால் பையன் ஏறாமல் இருந்திருக்கலாமே என்றும் கேட்டார்.

ஏறாமல் இருந்திருந்தால் அன்றைக்கு வேலை போயிருக்கும். அதை நீதிமன்றம் கேட்கவில்லை. கூட வேலை செய்யும் ஆளின் தவறால் அடிபட்டால் முதலாளி பொறுப்பல்ல என்ற கோட்பாடு இந்த வழக்கிலிருந்துதான் வளர்ந்தது. தன் தவறும் கொஞ்சம் சேர்ந்திருந்தால் பணம் இல்லை. ஆபத்து என்று தெரிந்தே வேலைக்கு வந்தவனுக்கும் இல்லை. தொழிற்புரட்சிக் காலம் முழுவதும் இந்த மூன்று கதவுகளையும் தாண்டி வந்து பணம் வாங்கியவர்கள் ரொம்பக் குறைவு.

ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884-ல் விபத்துக் காப்புறுதிச் சட்டம் கொண்டுவந்தார். பிரிட்டன் 1897-ல் வழிக்கு வந்தது. யார் தவறு என்று இனிமேல் கேட்க வேண்டாம், வேலையின்போது, வேலையின் காரணமாக அடிபட்டதா என்று மட்டும் பார்ப்போம் என்றது புதுச் சட்டம். அதற்கு ஈடாக, தொழிலாளிக்கு முழு நஷ்டமும் கிடைக்காது. அட்டவணையில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான். பிரிட்டிஷ் இந்தியா 1923-ல் இதே மாதிரி ஒரு சட்டத்தைப் போட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் மலாயாவுக்கும் வந்து சேர்ந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது இயந்திரம் இல்லை. மலேரியாவும் வயிற்றுப்போக்கும்தான். கொசு வளரும் சதுப்பை வடிகால் வெட்டி வற்ற வைத்தால் சாவு குறையும் என்பதை டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானில் செய்தே காட்டினார். காட்டை அழித்து, சதுப்புப் பக்கத்தில் லயம் கட்டி, ஆட்களைக் குடிவைத்தது நிர்வாகம். வேலைக்காகத்தான் அவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனாலும் இழப்பீட்டுச் சட்டத்தின் கண்ணுக்குக் காய்ச்சல் ஒரு விபத்து அல்ல. விபத்துக்கு ஒரு நாள் வேண்டும், ஒரு நேரம் வேண்டும், பார்த்த சாட்சி வேண்டும். தோட்டத்தின் மிகப் பெரிய சாவுக் கணக்கு இப்படித்தான் சட்டம் வருவதற்கு முன்பே சட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

1952 சட்டத்துக்கு வருவோம். அதன் மையத்தில் இருந்தது 1897-ல் பிறந்த அதே வாசகம்: வேலையின் காரணமாகவும், வேலையின் போக்கிலும் ஏற்பட்ட விபத்து. ரெண்டும் சேர்ந்து இருக்கணும். ‘போக்கில்’ என்பது நேரமும் இடமும். ‘காரணமாக’ என்பது அந்த வேலைக்கே உரிய ஆபத்து. கேட்க லேசாக இருக்கும். தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். விடியற்காலை இருட்டில் பால் வெட்டுறப்போ பாம்பு கடிச்சா? பட்டுப்போன கிளை தலையில் விழுந்தா? மின்னல் அடிச்சா? நகரத்துக் கிராணிக்கு மின்னல் எல்லோருக்கும் உள்ள பொது ஆபத்து. மரங்களுக்கு நடுவே இரும்பு வாளியோடு நிற்கிறவளுக்கும் அப்படித்தானா? பெரட்டுக்குப் போகும் வழியில் வழுக்கி விழுந்தால் வேலை தொடங்கிவிட்டதா, இல்லையா? லயமும் முதலாளியுடையது, பாதையும் முதலாளியுடையது, ஆனால் பெரட்டில் இன்னும் பேர் கூப்பிடவில்லை. இந்த மாதிரிக் கேள்விகளுக்கு வக்கீல்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நிரையில் நிற்கிறவருக்கு வக்கீல் கிடையாது. தொழிற்சங்கம் இருந்த தோட்டத்தில் தலைவர் ஒருவர் வந்து பேசினால் உண்டு.

வாசகத்தைத் தாண்டினாலும் அடுத்த வேலி இருந்தது. குறைந்தது நாலு நாளாவது வேலைக்குப் போக முடியாமல் போனால்தான் அது சட்டத்தின் கணக்கில் காயம். ரெண்டு நாள் காய்ச்சலோடு மூணாவது நாள் கட்டுப் போட்ட காலோடு பெரட்டுக்கு வந்தவர், சம்பளம் போகக்கூடாது என்பதற்காகத்தான் வந்தார். வந்ததாலேயே அவருக்கு உரிமை இல்லாமல் போனது. இந்த நாலு நாள் கணக்கு சொக்சோவின் தற்காலிக ஊனப் பணத்திலும் தொடர்ந்தது.

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது இதெல்லாம் இல்லை. சட்டம் ‘தொழிலாளி’ என்று யாரைச் சொன்னது என்பதுதான். வீட்டு வேலைக்காரர்கள் இல்லை. முதலாளியின் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத சில்லறை வேலைக்கு வந்தவர்கள் இல்லை. பொருளை வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் வீட்டில் வைத்து வேலை செய்து கொடுப்பவர்கள் இல்லை. தோட்டத்தில் இதை நடைமுறையில் தீர்மானித்தது செக்ரோல். கிராணி கையில் இருக்கும் அந்தப் பேரேட்டில் பேர் இருந்தால் நீ ஆள்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த யாரைக் கேட்டாலும் தெரியும், செக்ரோலில் இருக்கும் ஒரு பேருக்குப் பின்னால் ரெண்டு மூணு பேர் உழைத்தார்கள். கணவன் பேரில் நிரை. மனைவி கோப்பை துடைத்து, கட்டிப்பால் எடுத்தாள். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் வாளி தூக்கினார்கள். செம்பனைக்கு மாறின பிறகும் இதே கதைதான். குலை வெட்டுவது கணவன், உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி மூட்டை கட்டுவது மனைவி. எடை போடும்போது எல்லாம் ஒரே பேரில் சேரும். அந்தப் பெண்ணின் மேல் குலையோ மட்டையோ விழுந்தால், அவள் யாருடைய தொழிலாளி? நிர்வாகத்தைக் கேட்டால், நாங்கள் அவளை வேலைக்கு வைக்கவே இல்லையே என்பார்கள். அது பொய்யும் இல்லை. அவள் பொறுக்கிய பழம் மட்டும் ஆலைக்குப் போனது.

சொக்சோ இந்த இடத்தில் ஒரு நல்ல காரியம் செய்தது. 1969-ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தையும் இந்தியாவின் 1948 இ.எஸ்.ஐ. சட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒரே குடும்பம் என்று தெரிந்துவிடும். இரண்டிலும் ‘முதன்மை முதலாளி’, ‘உடனடி முதலாளி’ என்று இரண்டு பேர் வருவார்கள். காண்ட்ராக்டர் வழியாக ஆள் எடுத்தாலும், சந்தா கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு. அவர் வேண்டுமானால் காண்ட்ராக்டரிடம் கழித்துக்கொள்ளலாம். தோட்டங்கள் நேரடி ஆட்களைக் குறைத்துக்கொண்டு காண்ட்ராக்டுக்குப் போன காலத்தில், காகிதத்திலாவது இது ஒரு பிடிமானம்.

இன்னொரு பெரிய மாற்றம், மொத்தமாக ஒரு தொகை என்பதிலிருந்து மாதப் பணத்துக்கு வந்தது. 1952 சட்டத்தில் கை போனால் ஒரு தொகை, உயிர் போனால் ஒரு தொகை, அதோடு கணக்கு முடிந்தது. சொக்சோவில் வேலையில் இறந்தவரின் குடும்பத்துக்கு அவருடைய சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை வரும். அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு, ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. நிரந்தர ஊனம் 20 சதவீதத்துக்கு மேல் போனால் ஐந்தில் ஒரு பங்கை மொத்தமாக எடுக்கலாம், மிச்சம் மாதா மாதம் உயிருள்ளவரை. 20-க்குள் இருந்தால் முழுதையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளலாம்.

சதவீதம் எங்கிருந்து வருகிறது? உடம்பை உறுப்பு உறுப்பாகப் பிரித்து விலை போட்ட ஒரு அட்டவணை இருக்கிறது. இந்தியச் சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் முழுதாகப் போனால் 14, நடுவிரல் 12, மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் 7. நம் பக்கத்து அட்டவணைகளும் அதே பிரிட்டிஷ் மரபில் வந்தவைதான். பொறியியல் படித்தவனுக்கு அட்டவணை பார்த்தால் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் இது கையை மட்டும்தான் பார்க்கிறது, கைக்கு உரியவர் என்ன வேலை செய்கிறார் என்று பார்ப்பதில்லை. ஆள்காட்டி விரல் இல்லாமல் உளி பிடித்துப் பால் வெட்டுவதும், ஆள்காட்டி விரல் இல்லாமல் அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதும் ஒரே 14.

இதற்கெல்லாம் விலையாகத் தொழிலாளி ஒன்றைக் கொடுத்தார். சட்டத்தின் 31-ஆம் பிரிவு, சொக்சோவில் இருப்பவர் வேலைக் காயத்துக்காகத் தன் முதலாளிமேல் நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது என்கிறது. இயந்திரத்தின் தடுப்பைக் கழற்றி வைத்து ஓட்டச் சொன்ன முதலாளிக்கும், ஒழுங்காகப் பாதுகாப்பு வைத்திருந்த முதலாளிக்கும் இந்தக் கேடயம் ஒன்றுதான். யார் தவறு என்று கேட்பதை விட்டதால் தொழிலாளிக்குக் கிடைத்தது நிச்சயம். அதே நேரத்தில் தவறு செய்த முதலாளிக்கும் நிம்மதி கிடைத்தது. இந்தப் பேரத்தை மொத்தத்தில் நான் நியாயம் என்றுதான் நினைக்கிறேன். பிரீஸ்ட்லிக்கு நடந்ததைவிட இது எவ்வளவோ மேல்.

வேலைக்குப் போகும் வழியையும் 24-ஆம் பிரிவு சேர்த்துக்கொண்டது. வீட்டிலிருந்து வேலையிடம், வேலையிடத்திலிருந்து வீடு, சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடப் போய் வருவது. நடுவில் வழி மாறினால் உரிமை போகலாம். மோட்டார் சைக்கிளில் விழுந்தவரிடம் ‘எந்த ரோட்டில் வந்தீங்க’ என்று அதிகாரி கேட்பது அதனால்தான். பெரட்டில் பேர் கூப்பிடுவதற்கு முன் விழுந்தவரின் கேள்விக்கு ஒருவழியாகப் பதில் கிடைத்தது. அதற்குள் நம் ஆட்களில் பாதிப் பேர் பெரட்டுக்களத்தை விட்டு, தாமான் வீட்டிலிருந்து தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார்கள்.

விபத்துக்குச் சட்டம் இவ்வளவு தூரம் வந்தது. நோய்க்கு வரவில்லை. தொழில்சார் நோய்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, உண்மைதான். ஆனால் தோட்டத்தில் மருந்து அடித்த பெண்களை நினைத்துப் பாருங்கள். முதுகில் மருந்துத் தோம்பு, புல்லுக்குப் பாராகுவாட். நகம் கழன்றது, மூக்கில் ரத்தம் வந்தது, தோல் உரிந்தது. இதையெல்லாம் தெனாகனித்தா அமைப்பு 1992-லேயே ஆய்வாகத் தொகுத்து வெளியிட்டது. பாராகுவாட்டை 2002-ல் தடை செய்தார்கள், 2006-ல் மறுபடி அனுமதித்தார்கள், 2020-ல்தான் முழுத் தடை வந்தது. இருபது வருஷம் மருந்தடித்தவர் எந்தத் தேதியில் காயமடைந்தார்? எந்தத் தோட்டத்தில்? மூன்று தோட்டம் மாறி, நடுவில் காண்ட்ராக்டரிடமும் வேலை செய்தவர் எந்த முதலாளியிடம் கையெழுத்து வாங்குவார்? மலேரியாக் காலத்துச் சிக்கல்தான், வேறு மருந்து வாசனையோடு.

இனி 1993. அந்த வருஷம் ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களைச் சொக்சோவிலிருந்து எடுத்து, 1952 சட்டத்தின்கீழ் தனிக் காப்புறுதித் திட்டத்துக்கு மாற்றினார்கள். நிரந்தரவாசிகள் மட்டும் சொக்சோவிலேயே இருந்தார்கள். அதனால் சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய நம் பெரியவர்கள் தப்பினார்கள். நம்மவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறி, அந்த நிரைகளுக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்துகொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களைத் தேடி மாதா மாதம் பணம் அனுப்புவது நிர்வாகத்துக்குச் சிரமம் என்பது அரசு சொன்ன விளக்கங்களில் ஒன்று.

அந்தச் சிரமத்தின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மாதம் 1,500 ரிங்கிட் வாங்கும் முப்பது வயதுக்காரர் வேலையில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய சட்டத்தில் 60 மாதச் சம்பளம் அல்லது 18,000 ரிங்கிட், இரண்டில் எது குறைவோ அது. 60 மாதச் சம்பளம் 90,000. ஆகவே 18,000. காப்புறுதித் திட்டத்தில் இன்னொரு 7,000 சேர்ந்து மொத்தம் 25,000. இதே ஆள் உள்ளூர்க்காரராக இருந்தால் சொக்சோவில் குடும்பத்துக்கு மாதம் ஏறக்குறைய 1,350 ரிங்கிட் வரும். 25,000 என்பது அந்தப் பணத்தில் பத்தொன்பது மாதம்கூட இல்லை. இருபதாவது மாதத்திலிருந்து ஒரு விதவைக்குப் பணம் வந்துகொண்டே இருக்கும், இன்னொருத்திக்கு இல்லை. இறந்த இரண்டு பேரும் ஒரே சாரத்திலிருந்து விழுந்திருந்தாலும் இதுதான் கணக்கு.

இதில் சட்டப்படியே ஒரு கோணல் இருந்தது. விபத்து இழப்பீட்டில் சொந்த நாட்டவரையும் அயல்நாட்டவரையும் சமமாக நடத்த வேண்டும் என்று சொல்லும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 19-ஆவது உடன்படிக்கை 1925-ல் வந்தது. மலாயா சுதந்திரம் பெற்ற 1957-லேயே அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஜெனீவாவில் இந்த விஷயம் வருஷக்கணக்காகக் கேட்கப்பட்டது. பதில்களும் வருஷக்கணக்காகப் போயின.

2018-ல் ஒரு செம்பனை ஆலையில் தொழில் பயிற்சியில் இருந்தேன். அலுவலகத்தில் ஆட்களின் விவரம் இரண்டு கோப்புகளில் இருந்தது. ஒன்றின் முதுகில் சொக்சோ, இன்னொன்றில் இன்சூரன்ஸ். அழுத்தக் கொதிகலன் ஒன்றுதான், குலை வேகும் இடத்தில் அடிக்கிற நீராவியும் ஒன்றுதான். எதற்கு ரெண்டு கோப்பு என்று கேட்டபோது, அலுவலகத்தில் இருந்த அக்கா ‘அவங்க பெர்மிட் ஆளுங்க தம்பி’ என்றார். அந்தப் பதிலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. செக்ரோலைப் பார்த்துப் பதில் சொன்ன கிராணிகளுக்கும் இருந்திருக்காது.

2019 ஜனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் சொக்சோவின் வேலைக் காயத் திட்டத்துக்குத் திரும்பி வந்தார்கள். சம்பளத்தில் 1.25 சதவீதத்தை முதலாளி கட்ட வேண்டும். வேலைக்கு வெளியே வரும் நோய்க்கும் முடக்கத்துக்குமான திட்டம் 2024 ஜூலையில் அவர்களுக்கும் திறந்தது. 1952 முதல் வெளியே நின்ற வீட்டுப் பணிப்பெண்கள் 2021 ஜூனில் உள்ளே வந்தார்கள். உள்ளூரில்கூட, மாதம் 3,000 ரிங்கிட்டுக்கு மேல் வாங்குகிறவர்களுக்குச் சொக்சோ கட்டாயம் என்று ஆனது 2016-ல்தான்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கே இன்னும் மொத்தத் தொகைதான், காப்புறுதி நிறுவனம்தான். ஆனால் குடிமகன், வேலை அனுமதியில் வந்தவர் என்று சட்டம் பிரிப்பதில்லை. தமிழ்நாட்டிலிருந்து போய் கப்பல் பட்டறையில் விரல் இழந்தவருக்கும் சிங்கப்பூர்க்காரருக்கும் ஒரே அட்டவணை. வீட்டுப் பணிப்பெண்களை மட்டும் அந்தச் சட்டம் இன்றுவரை சேர்த்துக்கொள்ளவில்லை, அவர்களுக்குத் தனிக் காப்புறுதி. எது மேல் என்று என்னைக் கேட்டால், சம்பளம் குறைந்தவரின் குடும்பத்துக்கு மாதப் பணம்தான் மேல். ஒரே தடவையில் வரும் பணம் ஊரில் கடன்காரனிடம் போய் நிற்கும். ஏஜெண்டுக்குக் கட்டிய காசே பாதி கடனாக இருக்கும்போது வேறென்ன நடக்கும்?

மலேசியாவில் இப்போது கேட்கப்படுவது பெர்மிட். செல்லுபடியாகும் கடப்பிதழும் வேலை அனுமதியும் இருந்தால் பதிவு உண்டு. அனுமதியைப் புதுப்பிக்கும் பொறுப்பு முதலாளியிடம். அவர் புதுப்பிக்காமல் விட்டால், அடுத்த நாள் அதே இயந்திரத்தில் நிற்கிற அதே ஆள் பட்டியலில் சிக்கலான ஆள். அவர் புகார் செய்யப் போனால் முதலில் பிடிபடப்போவதும் அவர்தான்.

பழம் பொறுக்கிய பெண்களுக்கு வருவோம். 2017-ல் சுயதொழில் செய்பவர்களுக்கு ஒரு சட்டம் வந்தது, முதலில் டாக்சி ஓட்டுநர்களுக்கு, பிறகு மற்ற துறைகளுக்கு. 2022 டிசம்பரில் இல்லத்தரசிகளுக்கான திட்டம் தொடங்கியது. வருஷத்துக்கு 120 ரிங்கிட். வீட்டைக் கவனிக்கும்போது ஏற்படும் விபத்துக்கு அது பொறுப்பேற்கும். கணவன் பேரில் எடை போடப்படும் பழத்தைப் பொறுக்கும் பெண் அந்த 120 ரிங்கிட்டைக் கட்டியிருந்தால், அடுப்படியில் வழுக்கி விழுந்ததற்கு மனு எழுதலாம். செம்பனை மரத்தடியில் விழுந்தால், அங்கே அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.